தீர்வையில்லாத் துறைமுகத்தின் செலவை யார் கொடுத்தார்கள்?

வணிகத்தைத் தடையில்லாமல் ஓடவிட்டால் ஏழை நாட்டு மக்கள் தாமாகவே முன்னேறிவிடுவார்கள் என்று வாதிடுகிறவர்கள் சாட்சிக்கு முதலில் அழைப்பது சிங்கப்பூரைத்தான். 1819 பிப்ரவரி 6 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஸ்டாம்ஃபர்டு ராஃபிள்ஸ், சுல்தான் உசேனோடும் தெமெங்கோங் அப்துல் ரகுமானோடும் ஒப்பந்தம் போட்டார். எந்தக் கொடி கட்டிய கப்பலும் சரக்குக்குத் தீர்வை கட்டாமல் வந்துபோகலாம் என்ற கொள்கை அந்த ஆண்டிலேயே வேர்பிடித்தது. இன்று அதே தீவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை ஏறக்குறைய இரண்டு. சராசரி ஆயுள் சுமார் 83 ஆண்டு. இந்த இரண்டு முனைகளையும் ஒரு கோடு போட்டு இணைத்துவிட்டால் வாதம் முடிந்துவிடும். ஆனால் நடுவில் 130 ஆண்டுகள் கிடக்கின்றன. போரும் ஜப்பானிய ஆட்சியும் குறுக்கிட்ட சில ஆண்டுகள் தவிர அத்தனை காலமும் துறைமுகம் திறந்தேயிருந்தது, வணிகம் பெருகிக்கொண்டேயிருந்தது. மூட்டை சுமந்தவனின் ஆயுள் அந்த வேகத்தில் பெருகவில்லை. காரணம் தேடினால், தீர்வை வாங்காத அரசு வேறு எதை வாங்கிப் பிழைத்தது, யாரிடம் வாங்கியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. திறந்த துறைமுகம் செல்வத்தைக் கொண்டுவந்து கரையில் இறக்கியது. அந்தச் செல்வம் மனித உடம்பிலும் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சேர்ந்தது வரிச்சுமை ஏழையின் தோளிலிருந்து இடம் மாறிய பிறகுதான். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

துறைமுகம் கொடுத்ததைக் குறைத்துப் பேசக் கூடாது. டச்சுக்காரர்களின் துறைமுகங்களில் தீர்வையும் கட்டுப்பாடுகளும் நெருக்கிய காலம் அது. பூகிஸ் மாலுமிகளும் சீன வணிகர்களும் சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் சிங்கப்பூர் ஆற்று முகத்தை நோக்கித் திரும்பியதற்கு அதுவே போதுமான காரணம். 1824-ல் எடுத்த முதல் குடிக்கணக்கில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். 1860-ல் 80,000-ஐத் தாண்டியது. 1911-ல் மூன்று லட்சம். ராஃபிள்ஸோடு 1819-லேயே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், கடை எரிந்து கடன்பட்டு மறுபடி எழுந்தார்; 1827-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்குக் கோயில் எழும்ப முன்னின்றார். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துச் சூலியா முஸ்லிம்கள் 1826-ல் ஜாமியா பள்ளிவாசலையும், அடுத்த சில ஆண்டுகளில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவையும் கட்டினார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பெட்டகத்தோடு உட்கார்ந்தார்கள். 1859-ல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். வங்கிகள் ஏறிட்டுப் பார்க்காத சிறு வணிகனுக்குக் கடன் கிடைத்தது இந்தக் கிட்டங்கிகளில்தான். பிறந்த ஊரில் நெல்லும் நிலமும் கைவிட்ட ஒருவன் பத்தாண்டில் கடை முதலாளியாக முடிந்த ஊர் ஆசியாவில் அன்றைக்கு அதிகம் இல்லை. இதெல்லாம் தீர்வையில்லாத் துறைமுகத்தின் வரவுதான், சந்தேகமில்லை.

ஆனால் காவலுக்கும் நீதிமன்றத்துக்கும் பாலத்துக்கும் பணம் வேண்டும். சுங்கம் இல்லை, நிலவரி அற்பம், வணிகர்கள் வருமான வரிக்குச் சம்மதிக்கமாட்டார்கள். முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவார் 1820-லேயே ஒரு வழி கண்டுபிடித்தார்: அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விடுவது. ராஃபிள்ஸுக்கு இது பிடிக்கவில்லை. சூதாட்டத்தை அவர் தடுத்தார். அடுத்து வந்த ஜான் கிராஃபர்டு திரும்பக் கொண்டுவந்தார், பிறகு 1829-ல் அது நிரந்தரமாக ஒழிந்தது. அபின் குத்தகை ஒழியவில்லை. முறை எளிமையானது. கல்கத்தாவில் கம்பெனி ஏலத்தில் விற்ற கச்சா அபின் பெட்டிகள் கப்பலேறி வரும். அதைக் காய்ச்சிச் சண்டு ஆக்கிச் சில்லறையாக விற்கும் உரிமையை அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏலம் விடும். சீன முதலாளிகளின் கூட்டு ஒன்று அதை எடுத்து மாதாமாதம் அரசுக்குக் கட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒன்றிலிருந்தே வந்தது. இந்த வணிகத்துக்கு ஓடிய கடனில் செட்டியார் பணமும் கலந்திருந்ததை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம்மவர் பெருமையைப் பேசும்போது அதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கம்பளித் துணியும் மிளகும் ஒரு காசு தீர்வையில்லாமல் கரையேறின. சண்டு புகைத்த கூலியோ இழுத்த ஒவ்வொரு புகைக்கும் அரசுக்கு வரி கட்டினான்.

யாரும் அவன் வாயில் குழாயைத் திணிக்கவில்லையே, விரும்பித்தானே புகைத்தான் என்று அன்றைய வணிகர்கள் கேட்டார்கள். இன்றும் சிலர் கேட்கிறார்கள். கம்பியர் தோட்டத்தில் புலிக்கும் காய்ச்சலுக்கும் நடுவே காடு வெட்டியவன், நாள் முழுக்கத் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவன், பின்னாளில் ரிக்‌ஷா இழுத்தவன் – இவர்களுக்கு வலி மறக்க வேறு மருந்து கிடைக்காத ஊரில் விருப்பம் என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் இருக்கும்? மேலும், தோட்ட முதலாளியும் அபின் குத்தகைக்காரரும் பல நேரம் ஒரே கூட்டைச் சேர்ந்தவர்கள். ஒரு கையால் கொடுத்த கூலி மறுகையால் திரும்பி வந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு இதே வேலையைச் செய்தது கள்ளுக்கடை. 1932-ல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் மதுவை எதிர்த்து ஓயாமல் எழுதியது வெறும் ஒழுக்கப் பிரசாரம் அல்ல. குடிக்கிறவன் பையில் கைவைத்து நடக்கும் ஆட்சி தங்கள் மக்களை எங்கே நிறுத்தியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அபின் பணத்தைத் தவிர இன்னொரு கணக்கில் வராத வரவும் இருந்தது. அது கைதிகளின் உழைப்பு. 1825-ல் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் வந்திறங்கினார்கள். 1873-ல் அந்த ஏற்பாடு முடியும்வரை சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். சதுப்பைத் தூர்த்தவர்கள், சாலை போட்டவர்கள், சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சூளைகளில் செங்கல் சுட்டவர்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று இஸ்தானா என்று அழைக்கப்படும் ஆளுநர் மாளிகையையும் கட்டியவர்கள் அவர்கள். சந்தைக் கூலி கொடுத்து இந்த வேலைகளைச் செய்திருந்தால் வணிகர்களிடம் வரி கேட்காமல் முடிந்திருக்காது. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற பெயருக்குப் பின்னால் இப்படிக் கூலியில்லாத கைகளும் இருந்தன.

வரி கட்ட மறுத்த ஊரில் பொதுநலம் என்பது செல்வரின் தயவாயிற்று. ஏழை நோயாளிகள் மருத்துவமனை இல்லாமல் தெருவில் கிடந்து இறந்த காலத்தில், தான் தோக் செங் என்ற வணிகர் 7,000 வெள்ளி கொடுத்தார். 1844-ல் பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் பெயர் தாங்கிய அந்த மருத்துவமனை 1860-ஐ ஒட்டி சிராங்கூன் சாலைப் பக்கம், தாழ்வான சதுப்பு நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. 1857-ல் தான் கிம் செங் 13,000 வெள்ளி நல்ல தண்ணீருக்காகக் கொடுத்தார். நீர்த்தேக்கம் எழும்ப ஏறக்குறைய பத்தாண்டு; அதிலிருந்து நகருக்குக் குழாயில் தண்ணீர் வர மேலும் பத்தாண்டு. இந்த இருபதாண்டில் துறைமுகம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது, தந்திக்கம்பி வந்தது, நீராவிக் கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. பணம் இருந்தது, அதைப் பொதுக்காரியத்துக்குத் திரட்டும் உரிமையைத்தான் வணிக சமூகம் அரசுக்குத் தர மறுத்தது. அன்று சிங்கப்பூரை ஆண்ட இந்திய அரசு துறைமுகக் கட்டணம் விதிக்கக்கூடும் என்ற அச்சமே, இந்தியாவிடமிருந்து பிரித்து எங்களை நேரே லண்டனோடு சேருங்கள் என்று அவர்கள் மனுப்போட்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. 1867-ல் அது நிறைவேறிற்று.

இதன் விளைவைக் குடிக்கணக்கில் படிக்கலாம். 1881 முதல் 1921 வரை சிங்கப்பூரில் பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகம். மக்கள்தொகை வளர்ந்ததெல்லாம் புதிதாக வந்திறங்கியவர்களால். பெண்கள் குறைவு என்பது அதற்குப் பாதிக் காரணம், நோய் மறுபாதி. உலகத்தின் முதல்தரத் துறைமுகங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய ஊர், நாற்பது ஆண்டுகள் தன் மக்களைத் தானே பெருக்கிக்கொள்ள முடியாமல் தென்சீனத்தின், தென்னிந்தியாவின் இளைஞர்களைத் தின்று வளர்ந்தது. கல்கத்தாவின் முதல் சுகாதார அதிகாரியாக இருந்த சிம்ப்சன் 1906-ல் இங்கே அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய அறிக்கை, சாளரமில்லாத அறைத் தடுப்புகளையும், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளையும், காசநோய் அங்கே எப்படிக் குடியிருந்தது என்பதையும் வீடு வீடாக வரைபடம் போட்டுக் காட்டியது. அதைப் படித்து நடவடிக்கை எடுக்க சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை என்ற அமைப்பு அமைந்தது 1927-ல். அது முப்பத்திரண்டு ஆண்டில் கட்டிய வீடுகள் சுமார் 23,000.

சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்கா வட்டாரம் இந்தக் கதையின் சிறு அளவுப் படம். ரோச்சோர் ஆற்றின் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வணிகம் இங்கே வந்தது. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரில் ஒரு சாலை என்று தெருப்பெயர்களே அதைச் சொல்லும். மாட்டைச் சுற்றிப் பால்காரர், தோல் பதனிடுவோர், வண்டிக்காரர், எண்ணெய் ஆட்டுவோர் வந்தனர். சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் தமிழர்கள் ஒரு பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். 1881-ல் வீரமாகாளியம்மன் கோயில் எழுந்தது. அதற்கு முன்பே பெருமாள் கோயிலும் வந்துவிட்டது. நகராட்சியில் சாக்கடை வாரியவர்களும், சாலை போட்டவர்களும், துறைமுகக் கூலிகளும் குடியிருந்த இடங்களில் பெண்களைக் காண்பது அரிது. 1931-ல்கூட சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்களுக்கு மேல் இருந்தார்கள். குடும்பம் இல்லாத சமூகத்தில் பள்ளிக்கூடத்துக்கு யார் போராடுவார்கள்? காலனி அரசு இலவசக் கல்வி தந்தது மலாய்ப் பிள்ளைகளுக்கு மட்டும். தமிழ்ப்பள்ளி என்பது மிஷனரி, கோயில், சங்கம், நன்கொடை என்று ஒட்டுப்போட்டு நடந்த காரியம். மாட்டுக்கொட்டில் கலைந்த நிலத்தில் கடைவீடுகள் எழுந்தன, நகைக்கடை வந்தது, 1915-ல் சந்தை வந்தது. வட்டாரத்தின் வணிகம் தலைமுறைக்குத் தலைமுறை செழித்தது. அதன் தொழிலாளி தலைமுறைக்குத் தலைமுறை புதியவனாகவே வந்தான், ஏனென்றால் முந்தியவன் ஊருக்குத் திரும்பியிருந்தான் அல்லது செத்திருந்தான்.

இங்கே எதிர்வாதத்தின் வலுவான பகுதியைச் சந்திக்க வேண்டும். வணிகத் தடை இருந்திருந்தால் இந்த ஏழை இன்னும் மோசமாக வாழ்ந்திருப்பான் என்பது அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது, சான்றும் இருக்கிறது. சிங்கப்பூர் தன் சோற்றை விளைவித்ததில்லை. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் தீர்வையில்லாமல் வந்ததால்தான் கூலியின் வயிறு நிறைந்தது. 1918-ல் இந்தியாவில் பருவமழை பொய்த்து அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1919-ல் சயாமும் ஏற்றுமதியைத் தடுத்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் விலை ஏறி, அரசு நஷ்டப்பட்டு அரிசி விற்க நேர்ந்தது. 1934-ல் இன்னொரு பாடம். மலிவான ஜப்பானியத் துணிக்கு பிரிட்டிஷ் அரசு அளவுக்கட்டுப்பாடு போட்டது, லங்காஷயர் ஆலைகளைக் காப்பாற்ற. அந்தக் காப்பின் விலையைக் கொடுத்தவர்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஒரு சட்டைக்கு ஆண்டு முழுவதும் காசு சேர்த்தவர்கள். ஏழை வாங்கும் பொருளின் மேல் தடைபோடுவது ஏழையின் மேல் வரி போடுவதுதான். ஆனால் இதே துணியின் கதைக்கு இன்னொரு கரையும் உண்டு. முதல் ஆண்டுகளில் சிங்கப்பூர் வழியாகத் தீவுக்கூட்டங்களுக்குப் போனது சோழமண்டலக் கைத்தறி. 1830கள் முடிவதற்குள் ஆலைத்துணி அதை முந்திவிட்டது. வாங்கியவனுக்கு மலிவு, நெய்தவனுக்கு இழப்பு. அவனுக்கு மாற்று வேலையோ உதவியோ தர அங்கே எவரும் இல்லை. திறந்த வணிகம் மொத்தத்தில் லாபம் தரலாம். அந்த லாபத்தில் ஒரு பங்கை இழந்தவனிடம் கொண்டுசேர்க்கும் வேலையைத் துறைமுகம் செய்வதில்லை.

மனிதர்கள் தாமே விரும்பி வந்தார்களே, அது சான்றாகாதா என்ற கேள்வியும் நியாயமானது. தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் மாவட்டங்களின் கூலியைவிட இங்கே கூலி அதிகம், மணியார்டர் போனது, கடன் தீர்ந்த வீடுகள் உண்டு. ஆனால் 1930களின் மந்தத்தில் ரப்பரும் தகரமும் விழுந்தபோது நடந்ததைப் பார்க்க வேண்டும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலையிழந்த தென்னிந்தியர்களைப் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நல்ல காலத்தில் உழைப்பு மட்டும் இறக்குமதி. கெட்ட காலத்தில் பசி ஏற்றுமதி. அந்தத் தொழிலாளியின் பிள்ளைப்பருவத்தையும் நோயையும் முதுமையையும் தாங்கியது தமிழகத்துக் கிராமம். சிங்கப்பூரின் கணக்கில் அந்தச் செலவு எழுதப்படவேயில்லை.

கணக்கு மாறத் தொடங்கியது எப்போது? அபின் குத்தகை 1910-ல் அரசின் நேரடி ஏகபோகமாயிற்று. முழுத்தடை வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. வருமான வரி முதல் உலகப்போரின்போது போர்வரியாக எட்டிப்பார்த்து, 1920களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. 1947-ல்தான், வணிக சங்கங்களின் கடும் எதிர்ப்பை மீறிச் சட்டமாகி, 1948 முதல் நடைமுறைக்கு வந்தது. துறைமுகம் மூடிப்போகும், மூலதனம் ஓடிவிடும் என்று அப்போது எச்சரித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. 1955-ல் மத்திய சேமநிதி தொடங்கியது. இதே பத்தாண்டில் தாய்சேய் நல நிலையங்கள் பெருகின, தடுப்பூசி பரவியது, பள்ளிகள் ஆண்டுதோறும் திறக்கப்பட்டன, 1956-ல் நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்தது. 1950-ல் ஆயிரத்துக்கு 82 ஆக இருந்த சிசு மரணம் 1960-ல் 35 ஆகக் குறைந்தது. இந்த எண்ணைத்தான் நான் இந்த வாதத்தின் மையமாகக் கருதுகிறேன். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கிகூட எழாத, ஏற்றுமதித் தொழில் என்ற பேச்சே தொடங்காத காலம் அது. பழைய இடைத்தரகுத் துறைமுகம் அப்படியேதான் இருந்தது. நூறாண்டுகளுக்கு மேல் அதே துறைமுகம் செய்யாததை, வரியும் செவிலியரும் தண்ணீர்க்குழாயும் பத்தாண்டில் செய்தன.

1960-க்குப் பிந்திய வளர்ச்சி இல்லாமல் அது நிலைத்திருக்குமா என்று கேட்டால், நிலைத்திருக்காது என்பதே என் பதில். 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டில் ஐம்பதாயிரம் வீடுகளுக்கு மேல் கட்டியது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீயில் வீடிழந்த சுமார் 16,000 பேருக்கு ஓராண்டுக்குள் மாற்று வீடுகள் எழத் தொடங்கின. அதற்கான பணம் வேலையிலிருந்தும் வணிகத்திலிருந்தும்தான் வர முடியும். அதே 1961-ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. டச்சுப் பொருளியல் வல்லுநர் ஆல்பர்ட் வின்செமியஸ் வழிகாட்டினார். இங்கே கவனிக்க வேண்டியது, தடையில்லா வணிகத்தின் மாதிரி என்று சொல்லப்படும் இந்த ஊர் 1960களில் பல பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வையும் அளவுக்கட்டுப்பாடும் போட்டுப் பார்த்தது என்பது. மலேசியாவோடு பொதுச்சந்தை அமையும் என்ற நம்பிக்கையில் போட்டது. 1965-ல் பிரிந்த பிறகும் சில ஆண்டுகள் வைத்திருந்தது. சிறிய சந்தைக்கு அது உதவாது என்று கண்டு மெல்ல விலக்கியது. கொள்கையைக் கும்பிடாமல் பலனைப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பலனும் எல்லோரையும் ஒரேபோல எட்டவில்லை. பிரிட்டிஷ் படைத்தளங்கள் 1971-க்குள் மூடப்பட்டபோது செம்பவாங்கில் வேலைபார்த்த இந்தியர் பலர் குடியுரிமை இல்லாததால் ஊர் திரும்பினார்கள். மக்கள்தொகையில் இந்தியர் பங்கு 1957-ல் 9 விழுக்காடு; 1970-ல் 7; 1980-ல் 6.4. 1950களில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று சாரங்கபாணி தேக்காவிலும் துறைமுகத்திலும் தமிழ்த் தொழிலாளர்களிடம் மன்றாடியதன் அருமை அப்போது புரிந்தது. பதிந்துகொண்டவனுக்கு வீடும் பள்ளியும் சேமநிதியும் வந்தன. பதியாதவனுக்கு ஒரு கப்பல் டிக்கெட். 1966-ல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன, உலகத்திலேயே அதிகம். அந்தத் தலைமுறைக்குத்தான் துறைமுகத்தின் செல்வம் முதன்முறையாகப் பிறப்புரிமையாகக் கிடைத்தது.

இலங்கை இதையே வேறு வழியில் காட்டியது. அங்கே தேயிலைக்கும் ரப்பருக்கும் ஏற்றுமதித் தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் இலவசக் கல்வியும் மருத்துவமும் பங்கீட்டு அரிசியும் கொடுத்தார்கள். வருமானத்தில் ஏழையான நாடு ஆயுளில் முன்னே நின்றது. தேயிலை கிள்ளிய மலையகத் தமிழருக்கு 1948-ல் குடியுரிமை மறுக்கப்பட்டது. தீர்வைக்கு உழைத்தவர்களே அதன் பலனைக் கடைசியாகக் கண்டவர்கள். தீர்வை வாங்கிய நாட்டிலும் சரி, வாங்காத நாட்டிலும் சரி, யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுத்தார்கள் என்பதே மனித வளர்ச்சியைத் தீர்மானித்தது. இன்றைய ஏழை நாடுகளுக்கு இது பழங்கதை இல்லை. பன்னாட்டு நிதியத்தின் பொருளியலாளர்கள் 2005-ல் கணக்கிட்டபோது, தீர்வையைக் குறைத்த மிக ஏழை நாடுகள் இழந்த ஒவ்வொரு டாலருக்கும் வேறு வரிகளிலிருந்து 30 சென்ட்டுக்கு மேல் மீட்கவில்லை என்று தெரிந்தது. மீதி 70 சென்ட்டில் தடுப்பூசியும் ஆசிரியர் சம்பளமும் இருக்கின்றன. தீர்வையை இழக்காமல் வணிகத்தை எளிதாக்கும் வழியும் உண்டு. சிங்கப்பூர் 1989-ல் டிரேட்நெட் என்ற கணினி முறையைக் கொண்டுவந்தது. நாள்கணக்கில் அலைந்து வாங்கிய அனுமதிகள் நிமிடங்களில் கிடைத்தன. 1996 டிசம்பரில் உலக வணிக அமைப்பின் முதல் அமைச்சர் மாநாடு சிங்கப்பூரில் கூடியபோது இந்த எளிதாக்கம் பேச்சுக்கு வந்து, 2013-ல் பாலியில் உடன்பாடாகி, 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2014-ல் இந்தியா தன் உணவு தானியக் கொள்முதலுக்குப் பாதுகாப்புக் கேட்டு அதைச் சில மாதம் நிறுத்திவைத்ததைப் பலர் பிடிவாதம் என்றார்கள். ரேஷன் அரிசியில் வளர்ந்த குழந்தைகளைக் கொண்ட ஒரு நாடு அப்படிக் கேட்டதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

அந்த ரேஷன் அரிசியில் வளர்ந்தவர்களில் பலர் இன்று ஞாயிறுதோறும் தேக்காவில் கூடுகிறார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து வேலை அனுமதியில் வந்து கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் உழைப்பவர்கள். சத்துணவு, அரசுப்பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று அவர்களை வளர்த்தெடுத்த செலவு தமிழ்நாட்டு அரசுடையது; உழைக்கும் வயது சிங்கப்பூருடையது; ஒவ்வொரு தலைக்கும் முதலாளி மாதாமாதம் கட்டும் தீர்வையும் சிங்கப்பூர் அரசுடையது. பெரும்பாலான சரக்குக்குத் தீர்வையில்லாத ஊரில் தீர்வை கட்டிக்கொண்டு உள்ளே வருவது உழைப்புதான். 2020-ல் விடுதிகளில் தங்கியிருந்த சுமார் மூன்று லட்சத்து இருபதாயிரம் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொரோனா தொற்று பிடித்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் அரசே கணக்குச் சொன்னது. பிறகு விடுதிகளுக்குப் புதிய இடவசதி விதிகள் வந்தன. 2022 ஏப்ரலில் தொழிலாளர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கான பணத்தை முதலாளிகள் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர்கள் முணுமுணுக்கலாம். 1947-ல் அவர்களுக்கு முந்தியவர்களும் முணுமுணுத்தார்கள், துறைமுகம் மூடவில்லை.